பெயர் மாறிய சிகரம்

தெற்கு டகோட்டாவின் கருங்குன்றுகளை லகோட்டா மக்கள் 'பஹா சாபா' என்பர். பஹா குன்று, சாபா கருமை. நிறச்சொல் பெயருக்குப் பின் நிற்பது அம்மொழி மரபு. 1868ஆம் ஆண்டின் லாரமிக் கோட்டை ஒப்பந்தம் இம்மலைகளை அவர்களுக்கே உரியவை என்றது. 1874இல் கஸ்டரின் படைப்பயணம் பொன் கண்டது; இன்று பயணியர் திரளும் டெட்வுட் 1876இல் எழுந்தது; மறு ஆண்டே ஒரு சட்டம் நிலத்தைப் பறித்தது.

மிக உயர்ந்த சிகரமோ, 1855இல் நீலநீர் ஓடைக்கரையில் லகோட்டாப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற படையின் தலைவர் ஹார்னியின் பெயரை 2016 வரை சுமந்தது. இப்போது அது பிளாக் எல்க் சிகரம். அருகிலுள்ள ஊரும் மாநிலப் பூங்காவும் இன்னும் கஸ்டர்தான். திருத்தம் பாதிவழியில் நிற்கிறது. 1980இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை லகோட்டா மக்கள் ஏற்கவில்லை. அவர்கள் கேட்பது மலைகளை.