அளவுகோலும் வண்டியும்: மோட்டார் வரி வரலாற்றில் ஒரு நோக்கு

வரியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திறைசேரியின் பக்கம் நின்றே அதனை நோக்குவர். எவ்வளவு அறவிடப்பட்டது, எவர் செலுத்தினர், எவர் தப்பினர் என்பனவே அவர்தம் வினாக்கள். வரி விதிக்கப்பட்ட பொருளுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 1696ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாளரங்களுக்கு வரி விதிக்கப்பட்டபோது மக்கள் தம் வீட்டுச் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்துக்கொண்டனர் என்பது பலரும் அறிந்த செய்தி. மோட்டார் வண்டிக்கு நேர்ந்தது அதனிலும் நுட்பமானது. இங்கு ஒடுக்கப்பட்டது சாளரமன்று, இயந்திரத்தின் உருளை. அவ்வாறு ஒடுங்கிய உருளைகள் கடல் கடந்து இலங்கை வீதிகளிலும் பல தசாப்தங்கள் ஓடின என்பதே இவ்வரலாறு நமக்கு நெருக்கமாவதன் காரணம்.

பிரித்தானியாவில் மோட்டார் வண்டிகளைப் பதிவு செய்யும் முறை 1903ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்ச் சட்டத்தினால் ஏற்பட்டு, 1904 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பதிவுக் கட்டணம் ஒரு பவுண். அன்று பதிவின் நோக்கம் வரியன்று. தவறிழைத்து ஓடும் வண்டியை இலக்கத்தினால் அடையாளங் காண்பதே. லொயிட் ஜோர்ஜ் நிதியமைச்சராயிருந்து சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தின் வழியே வண்டியின் வலுவுக்கேற்ப உயரும் ஆண்டு வரியும் பெற்றோலுக்கான தீர்வையும் வந்து சேர்ந்தன. முதலாம் உலகப் போரின் நடுவே, 1915இல், நிதியமைச்சர் மக்கென்னா இறக்குமதிக் கார்கள்மீது 33⅓ சதவீதத் தீர்வையை விதித்தார். கப்பல்களில் இடத்தையும் வெளிநாட்டுச் செலாவணியையும் மீதப்படுத்தவே அது விதிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அது நீங்கவில்லை. 1924இல் சிநோடன் அதனை நீக்கினார். மறு ஆண்டே சேர்ச்சில் மீண்டும் கொணர்ந்தார். போர்க்காலத் தற்காலிக வரிகள் இவ்வாறு நிலைபேறு அடைவது வரலாற்றில் புதுமையன்று.

எனினும் தீர்வை செய்யாததை அளவுகோல் செய்தது. 1921 சனவரி முதல் ஒவ்வொரு காரும் அதன் பரிவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் ஆண்டு வரி செலுத்தவேண்டுமென விதிக்கப்பட்டது. பரிவலு எனினும் அது இயந்திரம் உண்மையில் வெளிப்படுத்தும் வலுவன்று. அரச மோட்டார்க் கழகம் வகுத்திருந்த ஒரு சூத்திரத்தின்படி கணித்த வலுவே அது. உருளையின் உள்விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதனை வர்க்கித்து, உருளைகளின் எண்ணிக்கையாற் பெருக்கி, 2.5ஆல் வகுப்பர். முசலம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் செல்கின்றது என்னும் அடிப்பு நீளம் இதில் இடம்பெறவேயில்லை. சட்டத்தின் கண்ணுக்கு விட்டம் மட்டுமே புலப்பட்டது.

அமெரிக்க வடிவமைப்பான போர்ட் 'ரி' வகைக் காரின் உருளை விட்டம் 3.75 அங்குலம், உருளைகள் நான்கு. கணித்தால் 22.5 பரிவலு வரும். வரி 23 பவுண். அவ்வியந்திரத்தின் மெய்யான வலுவோ ஏறத்தாழ இருபதே. இல்லாத வலுவுக்கும் அது வரி செலுத்தியது. மலிவான எரிபொருளும் நீண்ட சாலைகளும் உடைய நாட்டில் அகன்ற உருளை இயல்பானது. இங்கிலாந்தின் அளவுகோலில் அதுவே குற்றமாயிற்று. போர்ட் நிறுவனம் 1911 முதல் மஞ்செஸ்ரரில் கார்களைப் பொருத்தி வந்தமையால் இறக்குமதித் தீர்வையின் சுமையை ஓரளவு குறைக்கக் கூடியதாயிருந்தது. சூத்திரத்திடமிருந்து தப்ப அதற்கு வழியிருக்கவில்லை. 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவின் காரோ 8 பவுண் வரியுடன் நடுத்தர வகுப்பாரின் வாயிலுக்கு வந்தது.

உற்பத்தியாளர் விரைவிலேயே பாடங் கற்றனர். விட்டத்துக்கு வரி, அடிப்புக்கு வரியில்லை எனின், விட்டத்தைக் குறுக்கி அடிப்பை நீட்டுவதே இலாபமன்றோ? பிரித்தானிய இயந்திரங்கள் ஒல்லியாகி உயரமாயின. இறுதியில் போர்ட் நிறுவனமே பணிந்தது. 1932இல் அது வெளியிட்ட 'வை' வகைக் காரின் உருளை விட்டம் 56.6 மில்லிமீற்றர், அடிப்பு 92.5 மில்லிமீற்றர். வரி 8 பவுண். நீண்ட அடிப்புடைய இயந்திரத்தில் முசலம் கூடிய தூரம் ஓடவேண்டியிருத்தலின் உயர் சுழற்சி வேகத்தில் தேய்மானம் மிகும். பொறியியலாளர் இதனை அறியாதவரல்லர். வாங்குவோர் வரியட்டவணையைப் பார்த்தே வாங்கினர் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். 1935இல் வரி பரிவலுவொன்றுக்கு 15 சிலிங்காகக் குறைக்கப்பட்டது. அளவுகோல் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் ஏற்றுமதியால் உயிர்வாழ வேண்டிய நிலைக்கு வந்த பிரித்தானியாவுக்கு இச்சூத்திரம் பெருந்தடையாகத் தோன்றிற்று. 1947இல் புதிய கார்களுக்கு விட்டத்துக்குப் பதிலாக இயந்திரத்தின் கனவளவு அளவுகோலாயிற்று; 1948இல் அதுவும் நீங்கி, புதிய காருக்கு ஆண்டுக்குப் 10 பவுண் என்னும் ஒரே வரி வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் மொறிஸ் மைனர் அறிமுகமாயிற்று. உடலமைப்பு முற்றிலும் புதியது. உள்ளே இருந்ததோ போருக்கு முந்திய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம் (விட்டம் 57, அடிப்பு 90 மில்லிமீற்றர்). சட்டம் இறந்த பின்னும் அதன் வடிவம் இரும்பில் உயிரோடிருந்தது.

அந்த இரும்பே இலங்கைக்கு வந்தது. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் நடுத்தரக் குடும்பங்களின், வைத்தியர்களின், வாடகைக்கு ஓடுவோரின் வண்டிகளாயின. பதிவுக்கு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வழிவகுத்தது. வரி செலுத்தியமைக்குச் சான்றாக முன்கண்ணாடியில் பத்திரம் ஒட்டும் வழக்கமும் பிரித்தானியாவில் 1921இல் தோன்றியதே. அங்கு அது 2014இல் கைவிடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை புதிய கார் அரிய பொருளாகவே இருந்தமையால் பழையன கைவிடப்படவில்லை. மொறிஸ் மைனரின் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பும் தொழிற்சாலையொன்று 1990களில் இந்நாட்டில் இயங்கியமை சுவையான முரண்.

யாழ்ப்பாணத்தில் இவ்வண்டிகள் பெற்ற மறுவாழ்வு தனியே நோக்கற்பாலது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது ஒஸ்ரின், மொறிஸ் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாதலின் அவை அதனைத் தாங்கின. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவையும் அவையே. இலண்டனில் வரியட்டவணை வகுத்த அதிகாரி எவரும் கனவிலும் எண்ணியிராத பயன்பாடு இது.

1977இன் இறக்குமதித் தளர்வு யப்பானிய வண்டிகளுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் அங்கும் ஓர் அளவுகோல் உண்டு. யப்பான் தன் சிறுகார் வகுப்புக்கு வரிச்சலுகை அளித்து, அதன் இயந்திரக் கனவளவை 1976இல் 550 ஆகவும் 1990இல் 660 கன சென்ரிமீற்றராகவும் வரையறுத்தது. இலங்கையும் வாகனத் தீர்வையைக் கனவளவுப் படிநிலைகளில் விதித்து வந்தது. எனவே யப்பானின் வரிக்கெனச் சுருங்கிய சுசுக்கி வகன் ஆர், இலங்கையின் வரிக்கும் பொருந்தி, 2010களில் நம் வீதிகளை நிறைத்தது. முன்னர் இலண்டன் வகுத்த வடிவத்தை ஏற்ற நாம் பின்னர் தோக்கியோ வகுத்ததை ஏற்றோம். எமது வீதியின் குண்டுகுழிகளையும் எமது குடும்பங்களின் அளவையும் எண்ணி வடிவமைக்கப்பட்ட காரொன்றை இலங்கையர் பெரும்பாலோர் ஓட்டியதில்லை. பல வேளைகளில் வண்டியின் விலையிலும் மிகுந்த வரியைச் செலுத்தியே பிறருக்கென வகுத்ததை ஓட்டினர். தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரம் பெற்ற அரசியல்வாதிகளும் உயர் அலுவலர்களும் இவ்வளவுகோலுக்கு வெளியே நின்றனர். அப்பத்திரங்கள் கைமாறி விற்கப்பட்டமை பலமுறை பகிரங்க விவாதத்துக்கு உள்ளாயிற்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியினூடாகவும் அத்தடை நீடித்து, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைக்காலத்தில் பல ஆண்டுகள் ஓடிய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. தடை நீங்கியபோது மின்கார்கள் பெருமளவில் வந்தன. அவற்றுக்கு உருளையுமில்லை, கனவளவுமில்லை; ஆகவே மோட்டாரின் வலு கிலோவாற்றில் அளக்கப்பட்டது. அவ்வாண்டே, இறக்குமதியான மின்கார்த் தொகுதியொன்றின் மோட்டார் 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்பது பற்றிச் சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் இடையே எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது.