கண்டெய்னர் ஏன் நகர மாட்டேங்குது? ஷிப்பிங் இன்டர்ன்ஷிப்பில் எம்பிஏ பாடம் எங்கே உதவும், எங்கே உதவாது?

எம்பிஏ வகுப்பில் போர்டில் எழுதிப் போட்ட ஃபார்முலா, துறைமுகத்தில் பெட்டி தேங்கிக் கிடக்கும்போது உதவுமா? சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என ஷிப்பிங் நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப் சேரும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே எழும் சந்தேகம் இது. உதவும். ஆனா எந்தத் தியரியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதல் வேலை என்ன?

பெரும்பாலும் எக்செல் ஷீட்தான். எந்தப் பெட்டி என்றைக்கு கப்பலில் இருந்து இறங்கியது, என்றைக்கு கேட்டைத் தாண்டியது, காலிப் பெட்டி என்றைக்குத் திரும்பி வந்தது என நிரப்ப வேண்டும். 'இதுக்கா எம்பிஏ படிச்சோம்' என்று தோன்றும். ஆனால் இந்த மூன்று தேதிகளுக்கு நடுவில்தான் பணம் கரைகிறது.

இலவச நாட்களைத் தாண்டி துறைமுகத்துக்குள் பெட்டி கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய் காலிப் பெட்டியைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். நாள் ஏற ஏற ரேட்டும் ஏறும். பெரிய இறக்குமதியாளர் பேசிக் குறைத்துக்கொள்வார். ஒன்றிரண்டு பெட்டி வரவழைக்கும் சின்ன வியாபாரிக்கு அந்தச் சரக்கின் லாபமே இதில் போய்விடலாம்.

'யார்டு ஃபுல்' என்றால்?

இங்கே கைகொடுப்பது லிட்டில்ஸ் லா. 1961-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. ஒரு நாளைக்கு வரும் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் தங்கும் நாட்களால் பெருக்கினால், உள்ளே எத்தனை நிற்கும் என்பது கிடைக்கும். உதாரணத்துக்கு, தினமும் 500 பெட்டி வருது, சராசரியா 6 நாள் தங்குதுன்னா, எப்பவும் 3,000 பெட்டி உள்ளே நிற்கும். அதையே 4 நாளாக்கினால் 2,000தான். ஒரு அடி நிலம்கூட வாங்காமல் 1,000 பெட்டிக்கு இடம் கிடைக்குது.

சரி, அந்த 2 நாளை எங்கே குறைப்பது?

எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியான 'தி கோல்' நூலில் சொன்னது இதைத்தான்: முதலில் எங்கே அடைப்பு என்று பார். எல்லோரும் கிரேனைத்தான் சந்தேகப்படுவாங்க. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பல நேரம் பெட்டி காத்திருப்பது காகிதத்துக்காக. ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் வந்திருக்காது, டெலிவரி ஆர்டர் கிடைத்திருக்காது, சுங்க வரிக்குப் பணம் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும் என்று 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. இந்த இடத்தில் புது கிரேன் வாங்கி என்ன பயன்?

தியரி சறுக்கும் இடம்

சராசரி என்பது பாதி உண்மைதான். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை 6 நாள் அடைத்தது. 2023 இறுதியில் இருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இப்படி அட்டவணை குலைந்தால் கப்பல்கள் சேர்ந்தாற்போல் வந்து நிற்கும். 'தினமும் 500' என்ற கணக்கு அன்றைக்குச் செல்லாது.

இன்னொரு சிக்கல் ஆபீசுக்குள்ளேயே இருக்கு. சரக்கு பிடிக்க சேல்ஸ் டீம் இலவச நாட்களை அள்ளிக் கொடுக்கும். பெட்டி சீக்கிரம் திரும்பாததால் ஆபரேஷன்ஸ் டீம் தவிக்கும். தூத்துக்குடியில் திருப்பூர் பின்னலாடை ஏற்றக் காலிப் பெட்டி தேவைப்படும்போது, அது வேறெங்கோ ஒரு குடோன் வாசலில் நிற்கும். இரண்டு டீமும் அவங்கவங்க டார்கெட்படி சரியாகத்தான் வேலை செய்யறாங்க, நஷ்டம் மட்டும் கம்பெனிக்கு. இதை நேரடியாக ரிப்போர்ட்டில் எழுத இன்டர்னுக்குத் தயக்கம் வரும். யார் பெயரையும் சொல்லாமல், ஒரு இலவச நாள் கூடினால் எத்தனை பெட்டி முடங்குது என்று கணக்காகக் காட்டினால் கேட்பார்கள்.

சலுகை கொடுத்துச் சரக்கு பிடிக்கும் போட்டி தூத்துக்குடிக்குப் புதுசும் இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியபோது, ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை வெட்டித்தான் அதை முடக்கப் பார்த்தது.

எக்செல்லில் இல்லாதது

ரிப்போர்ட் எழுதும் முன் ஒரு இரவாவது கேட் அருகே நின்று பார்ப்பது நல்லது. ஷீட்டில் 'கேட் இன்' காலை 10 மணி என்று இருக்கும். லாரி டிரைவர் முந்தைய நாள் இரவே வரிசைக்கு வந்திருப்பார். அந்த நேரத்தை எழுத ஷீட்டில் ஒரு கட்டம்கூட கிடையாது.