ஹோப்ஸ் காலேஜும் ஒரு கடிகாரமும்



இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு படிக்கும் என் பேரன் லீவுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி வந்திருந்தான். "எல்லாம் நோட்ஸ்தான் தாத்தா, இன்னும் ஸ்பேனரைத் தொடவே இல்லை" என்றான். எனக்கு ஜி.டி.நாயுடு ஞாபகம் வந்துவிட்டார்.

கோவை அவிநாசி ரோட்டில் ஹோப்ஸ் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. இறங்கிப் பார்த்தால் அந்தக் காலேஜ் இருக்காது! 1945ல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி அது. பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய், இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. தொடங்கப் பாடுபட்டவர் நாயுடு. முதல்வராகவும் இருந்தார்.

அவர் படிப்பு? ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. 1893ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டார். அதுதான் அவர் படித்த காலேஜ். 1920ல் பொள்ளாச்சி–பழனி இடையே ஒரு பஸ் ஓட்டினார். 1937ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். நம் பக்கத்துக் கிணறுகளில் ஓடும் கோயமுத்தூர் மோட்டார்களுக்கு அதுதான் மூத்தது.

இப்படிக் கையால் கற்றவர் முதல்வரானால் சும்மா இருப்பாரா? நான்கு வருஷப் படிப்பு பையன்கள் காலத்தை வீணாக்குகிறது, அதே பாடத்துக்கு இரண்டு வருஷம் போதும் என்றார். குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்தினார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டார்.

இரண்டு வருஷம் என்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. கணக்கு பிடிபடவே சிலருக்கு ஒரு வருஷம் வேண்டும். (என் வகுப்பில் இருந்தவர்கள் சிரிக்க வேண்டாம்.) ஆனால் முதல் வருஷமே பொருளைப் பிரிக்க விட்டால், அந்தக் கணக்கு எதற்கென்று பையனுக்கே தெரியும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. பல வருஷம் முன்பு ஒரு மாணவன் பள்ளிக்கூடச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டான் என்று பிரம்பால் அடித்தேன். அது ஒரு மாதமாக ஓடாமல் கிடந்த கடிகாரம். ஆசிரியர் பயிற்சியில் செய்து கற்றல் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன் நான்.

இன்று அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறான். போன கோடையில் என் போர் மோட்டாரையும் அவன்தான் சரிசெய்தான். அன்றைக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

தம்பி, அந்தக் கடிகாரத்துக்கு உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடித்தாயா? நான் கேட்கவே இல்லை. கமெண்ட்டில் எழுதப்பா.