ஒரு பிடி அரிசி: உடுவிற் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோன விசுவாசம்

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வரலாற்றைச் சொல்வோர் 1824ஆம் ஆண்டை மறப்பதில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்து எட்டு ஆண்டுகளின் பின், உடுவில் மிஷன் வளவிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை அவ்வாண்டிலேதான் தொடங்கிற்று. கட்டடங்கள் எழுந்த கதையையும் அதிபர்களின் சேவையையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் இம்மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நாம் இங்கே வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். இந்த வளவிற் கேட்ட சுவிசேஷம், படிப்பை முடித்த பெண்ணோடு வீட்டுக்குப் போனபின் என்ன ஆயிற்று? அடுப்படியிலும் கிணற்றடியிலும் மரணவீட்டிலும் அது எவ்விதம் அவளைத் தாங்கிற்று?

மழைக்கு ஒதுங்கியவர்கள்

பாடசாலையின் தொடக்கத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. மழை கொட்டிய ஒரு மாலைவேளையில் இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டில் ஒதுங்கினார்கள். வீடு திரும்ப முடியவில்லை. பசி பொறுக்காமல் அவர்கள் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினார்கள். மிஷனரி வீட்டில் உண்ட பிள்ளைகளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று பெற்றோர் கலங்கினார்கள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அப்பிள்ளைகளைத் தம்மோடு வைத்துப் படிப்பிக்க முன்வந்தார். பெண் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது.

அம்மையாரின் வாழ்வும் இலகுவானதல்ல. பெற்ற பிள்ளைகளுட் சிலரைப் பறிகொடுத்த அவர், 1833 ஜனவரியில் உடுவிலிலேயே காலமானார். பாடசாலைக்கு அப்போது ஒன்பது வயது. அது அவரோடு நின்றுபோகவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் அதைக் கையேற்றார்கள். பிற்காலத்தில், 1855இல், புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டபோதும் உடுவிற் பாடசாலை தொடர்ந்து நடந்தது.

அக்காலத்தை முழுப் பொற்காலமாக எழுதிவிடுதல் நேர்மையாகாது. பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக உணவும் உடையும் மட்டுமல்ல, சீதனமும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், கொடுத்தவர் விரும்பிய பெயரே அப்பிள்ளைக்கு இடப்பட்டது. பெற்றார் வைத்த பெயர் பதிவேட்டில் மறைந்தது. மதம் மாறிய பிள்ளையால் மனம் நொந்த தாய்மாரும் இருந்தார்கள். இவற்றையெல்லாம் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். ஆனால், அன்னியர் இட்ட பெயரோடு வீடு திரும்பிய அப்பெண்கள், தாம் பெற்ற விசுவாசத்தை அன்னியமாக விட்டுவைக்கவில்லை. அதைத் தமிழில் ஜெபித்தார்கள், தமிழிற் பாடினார்கள், தமிழ்ச் சமையலறையில் வைத்துப் பிழங்கினார்கள். இதுவே அவர்கள் செய்த பெருங்காரியம் என்று நாம் எண்ணுகிறோம்.

ஆயிரம் பிள்ளைகளின் தாய்

எலைசா அக்னியூ அம்மையாரின் பெயரை அறியாத உடுவில் மாணவி இருக்கமாட்டாள். நியூ யோர்க்கைச் சேர்ந்த அவர், எட்டு வயதில் பூமிசாஸ்திர வகுப்பொன்றில் உலகப்படத்தைப் பார்த்தபோதே தூரதேசத்துக்குப் போவதென்று தீர்மானித்தாராம். ஆயினும் உறவினருக்குத் தம் பராமரிப்புத் தேவைப்பட்ட காலமெல்லாம் வீட்டிலேயே இருந்தார். முப்பது வயதைக் கடந்தபின், 1839இல் கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. 43 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, 1883இல் மானிப்பாயில் மறைந்தார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் பாடசாலையை நடத்தினார். தாம் படிப்பித்தவர்களின் பிள்ளைகளையும், சிலருடைய பேரப்பிள்ளைகளையும் படிப்பித்தார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். இவற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதிகம் பேசப்படாத ஒன்று, விடுமுறை வந்தால் அவர் என்ன செய்தார் என்பது. மணமுடித்துப் போன பழைய மாணவிகளை அவர் ஊரூராகத் தேடிப் போனார். புகுந்த வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள், ஜெபிக்க அவளுக்கு நேரம் கிடைக்கிறதா, பிள்ளைக்கு எழுத்து அறிவிக்கிறாளா என்று பார்க்கிற ஒரு தாயாகப் போனார். நமது சங்கம் தோன்றுவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, பழைய மாணவிகளை ஒன்றாய்க் கட்டிவைத்தது அந்தப் பயணங்கள்தான்.

அவருடைய இறுதி வேளையைப் பற்றி உடனிருந்தோர் எழுதிவைத்திருக்கிறார்கள். எதற்காக விசேடமாக ஜெபிக்கவேண்டும் என்று கேட்கப்பட்டபோது, தமக்காக ஒன்றும் கேளாமல், இலங்கைப் பெண்களுக்காக ஜெபிக்கச் சொன்னாராம். அதே வேளையில் அவ்வீட்டிலேயே அவருடைய பிள்ளைகள் கூடி அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

உலையில் இடுவதற்கு முன்

இங்கிருந்து போன பெண்களின் வீட்டு விசுவாசம் எப்படிப்பட்டதென்று அறிய, அரிசிப் பானையைத்தான் பார்க்கவேண்டும். சோறாக்க அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறாக வைப்பது கிறிஸ்தவத் தாய்மாரின் வழக்கமாயிற்று. சேர்ந்த பிடியரிசி சபைக்குப் போனது. சில வீடுகளில் ஒரு தென்னைமரத்தை ஆண்டவருக்கென்று விட்டு, அதன் காய்களின் பணத்தைக் கொடுத்தார்கள். நெடுந்தீவு முதலான தீவுகளுக்குத் தமிழ்ச் சபையாரே ஊழியரை அனுப்பித் தாங்கியதும் இத்தகைய காணிக்கைகளால்தான். ஏழைப் பெண்களின் இந்தக் கொடையை அக்கால மிஷனரிமார் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

பெண்ணின் கையிற் காசு இல்லாத காலம் அது. காணி அவள் பெயரில் இருந்தாலும் காசு கணவனிடமே இருந்தது. ஆனால் அரிசிப் பானைக்குள் போவது அவளுடைய கை. எவரையும் கேளாமல் அவள் கொடுக்கக்கூடியது அந்த ஒரு பிடி. அது பெருகிய நாளிலும் எடுக்கப்பட்டது, குறைந்த நாளிலும் எடுக்கப்பட்டது. நாளைக்கும் உலை வைப்போம் என்று நம்புகிறவள்தான் இன்றைக்கு ஒரு பிடியை எடுத்துவைப்பாள். பஞ்சகாலத்தில் தன்னிடமிருந்த கடைசிப் பிடி மாவிலே எலியாவுக்கு அடை சுட்டுக்கொடுத்த சாறிபாத் விதவையின் கதையை, இப்பெண்கள் பிரசங்கத்தில் மட்டும் கேட்கவில்லை. அன்றாடம் கையாற் செய்துபார்த்தார்கள்.

விடுதியில் நாம் பழகிய அதிகாலை ஜெபமும் இப்படிப்பட்டதே. மணியடித்ததும் எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு வேதப்புத்தகத்தைத் திறந்த நாட்களில், பெரிய பக்தியுணர்வு எதுவும் நம்மிடம் இருந்ததென்று சொல்வதற்கில்லை. கடமைக்காகச் செய்தோம். ஆனால் பின்னொரு நாளில் வாழ்க்கை நம்மை அடித்து வீழ்த்தியபோது, எழுவதற்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

பிடி வாங்கிய நாட்கள்

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில், மழையில், இருட்டில், இலட்சக்கணக்கானோரோடு நம்மிற் பலரும் நடந்தோம். உடுவிலை விட்டு வெளியேறியபோது பாடசாலை வளவைத் திரும்பிப் பார்த்தவர்கள், இனி இதைக் காண்போமா என்றே நினைத்தார்கள். தென்மராட்சியிலே கோயில்களிலும் பாடசாலைகளிலும் முன்பின் அறியாதவர்களின் விறாந்தைகளிலும் தங்கினோம். அந்த வீட்டுக்காரர்களிற் பெரும்பாலோர் சைவர்கள். எங்கள் சபை எது என்று அவர்கள் கேட்கவில்லை. தங்கள் உலையில் எங்களுக்காக இன்னும் ஒரு சுண்டு அரிசி போட்டார்கள்.

கொடுத்துப் பழகிய கை வாங்கப் பழகுவது கடினம். பெருமை இடங்கொடாது. ஆனாலும் அந்த மாதங்களில் நாம் கற்றது, விடுதியிற் கற்றதிலும் குறைந்ததல்ல. எருசலேம் அழிந்ததற்காக அழுகிற புலம்பல் நூலின் நடுவிலேதான், கர்த்தருடைய இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்ற அறிக்கை இருக்கிறது. மனப்பாடப் பகுதியாக ஒப்புவித்த அந்த வசனத்தின் பொருளை, ஊர் இழந்தபின் ஓர் அன்னிய முற்றத்தில் விடிந்த காலையிலே நாம் அறிந்தோம். துயரம் அன்றைக்குத் தீர்ந்துவிடவில்லை. பிள்ளைகளைத் திரும்பக் காணாத தாய்மார் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்களிடம், விசுவாசித்தால் எல்லாம் சரியாகும் என்று நாம் சொல்லத் துணியோம். அவர்கள் மறுநாளும் எழுந்து, முற்றத்தைக் கூட்டி, அடுப்பை மூட்டி, ஜெபித்தார்கள் என்பதை மட்டும் சாட்சியாகச் சொல்வோம். 1996இல் ஊர் திரும்பியபோது, புல் மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கத் தொடங்கியவர்களும் அவர்களே.

சைவ வீடுகளிலிருந்து வந்து நம்மோடு படித்த சகோதரிகளும் இச்சங்கத்திற் பலர் உளர். காலை வணக்கத்தில் நம்மோடு நின்ற அவர்கள், தம் சமயத்தை விடாமலே இங்கு கற்ற ஒழுங்கையும் பிறர்க்கான உழைப்பையும் தம் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். தென்மராட்சி விறாந்தைகளை நினைக்கும்போது, கொடுக்கல் வாங்கலில் யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்க்க முடியாது.

அன்பான சகோதரிகளே,

இன்று நாம் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறோம். அரிசி கடையிலிருந்து மூட்டையாக வருகிறது. பிடியரிசிப் பானை இல்லை. நம் பேரப்பிள்ளைகளிற் சிலருக்கு இக்கட்டுரையை வாசித்துக் காட்டவேண்டியிருக்கும். சங்கத்தின் நூற்றாண்டு விழா முடிந்ததும் படங்களைப் பார்த்து மகிழ்ந்து கலைந்துவிடுவது இலகு. ஆனால் நமக்குப் படிப்பித்த ஆசிரியைகளிற் சிலர் இப்போது தனித்த வீடுகளில், பிள்ளைகள் கடல்கடந்திருக்க, தொலைபேசி ஒலிக்குமா என்று காத்திருக்கிறார்கள். விடுதிக்கட்டணம் செலுத்த வழியில்லாத பிள்ளைகள் இன்றும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமல்ல. சோறாக்கும் நாளில் ஒரு பிடியின் பெறுமதியை ஓர் உண்டியலில் இடுங்கள். ஆண்டு முடிவில் அதை ஒரு பிள்ளையின் படிப்புக்கு அனுப்புங்கள். காலையில் ஜெபிக்கும்போது, நம்மோடு படித்த ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தால், அக்னியூ அம்மையார் செய்ததுபோல, ஒரு வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.