தோட்டத்து வீடுகளில் சிறுகதை



"படிக்க ஆசைதான், ஆனால் நேரம் எங்கே இருக்கிறது?" என்று சொல்லாத வீடு நம்மிடையே அரிது. வேலைக்குப் போகும் தந்தை இப்படிச் சொல்கிறார். வேலைக்கும் போய், வீட்டையும் கவனிக்கும் தாய் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார். இது இன்று முளைத்த குறையன்று. நம் பாட்டன் பாட்டிமாருக்கும் நேரம் இருந்ததில்லை. ஆயினும் அவர்களிற் பலர் கதை படித்தார்கள். எழுத்தறியாதவர்கள் பிறர் படிக்கக் கேட்டார்கள். சிலர் எழுதவும் செய்தார்கள். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இன்று காண்போம்.

முதலில், அக்காலத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். விடியுமுன்னே பிரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்பே பெண்கள் எழுந்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு இருட்டாக 300, 400 மரங்களைச் சீவி முடிக்க வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், துணி, பிள்ளைகள். இராச் சாப்பாடு முடிந்தபின் மண்ணெண்ணெய் விளக்கடியில் அரை மணி நேரம் கிடைத்தால் அது பெரிய காரியம். மறுநாளும் இருட்டிலேயே எழ வேண்டுமல்லவா?

இந்த அரை மணி நேரத்துக்குள் முதலில் வந்தவை, தமிழகத்தில் அச்சாகிக் கப்பலேறி வந்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்றவற்றை எழுத்தறிந்த ஒருவர் இராகம் போட்டுப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். ஒரு கதை முடியப் பல இரவுகள் ஆகும். எல்லாரும் முன்பே அறிந்த கதை என்பதால், நடுவில் ஓரிரவு வராதவருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தக் கதைகளில் ராஜா இருந்தார், ராணி இருந்தார். பால்மரம் இல்லை, கங்காணி இல்லை, நம் லயத்து வீடும் இல்லை.

நம் வாழ்க்கை கதைக்குள் வருவதற்குச் சில வாசல்கள் திறக்க வேண்டியிருந்தன. முதல் வாசல் பள்ளிக்கூடம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் அது ஓர் ஆசிரியரும் ஒரே அறையுமாகவே இருந்தது. குறைகள் ஏராளம். இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கிருந்துதான் புறப்பட்டது.

இரண்டாம் வாசல் செய்தித்தாள். 1924-இல் 'தமிழ் நேசன்' கோலாலம்பூரில் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். இதற்கிடையே, 1930-இல் வே. சின்னையா பிள்ளையின் 'நவரச கதா மஞ்சரி' வெளிவந்தது. இந்நாட்டின் முதற் சிறுகதைத் தொகுப்பாக ஆய்வாளர்கள் இதனைக் குறிப்பர். ஆனால் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கத் தோட்டத்தில் எத்தனை பேரால் முடியும்? செய்தித்தாளோ ஒரு பிரதி வந்தால் போதும். கடைத் திண்ணையிலும் முடிதிருத்தும் இடத்திலும் பல கைகள் மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரு சிறுகதை இருக்கும். உட்கார்ந்த இடத்தில் தொடங்கி, எழுவதற்குள் முடிக்கலாம். உலை கொதிக்கும் நேரத்துக்குள் ஒரு மனிதனின் துயரத்தையோ மகிழ்ச்சியையோ முழுதாக அறிந்துவிடலாம். சிறுகதை நம் மக்களிடையே வேர் பிடித்ததற்கு, அது நம் நேரத்தின் அளவுக்குப் பொருந்தி வந்தது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

மூன்றாம் வாசல்தான் மிகவும் பெருமைக்குரியது. 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்று ஒன்றை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று செய்தித்தாள் வழியாகவே பாடம்! ஆசிரியர் முகத்தைக் காணாமலே பலர் எழுதப் பழகினார்கள். அதே பத்தாண்டில், தமிழகத்தின் சிறந்த சிறுகதை ஆசிரியர்களில் ஒருவரான கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் பணியாற்றி, இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தின் வழியே பிள்ளைகளை எழுத அழைத்தது. 1970களில் தமிழ் நேசன் நல்ல கதைகளுக்குப் பவுன் பரிசு வழங்கியது. தோட்டப் பள்ளி ஆசிரியர்களும், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் பேனா பிடித்தார்கள். ராஜா ராணி இருந்த இடத்தில் பால்வெட்டுத் தொழிலாளி வந்து நின்றார்.

அவர்கள் எழுதியவை அனைத்தும் சிறந்தவை என்று சொல்ல மாட்டோம். கடைசி வரியில் திருந்திவிடும் குடிகாரர்களும், நீதி சொல்லியே களைத்துப்போன கதைகளும் நிறைய உண்டு. ஆயினும் வேறு எங்கும் முழுமையாகப் பதிவாகாத பல செய்திகள் அவற்றில் தங்கியிருக்கின்றன. ஜப்பானியர் காலத்தில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். சுதந்திரத்தை ஒட்டித் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடிழந்து நின்றவர்களைப் பற்றி எழுதினார்கள். 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு கலங்கி நின்றவர்களையும், பெற்ற பிள்ளைகளைப் பிரிந்து கப்பலேறியவர்களையும் எழுதினார்கள். அரசாங்க அறிக்கை எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லும். துறைமுகத்தில் நின்ற ஒரு தாய் என்ன சொல்லி அழுதாள் என்பதைச் சொல்லக் கதைதான் வேண்டும்.

இன்று நிலைமை வேறு. பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல, வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. தமிழ் நேசனும் 2019-இல் நின்றுவிட்டது. பிரட்டுக் களம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால், கைகாட்ட இடமில்லை. ஆனால் காட்டுவதற்குக் கதைகள் இருக்கின்றன. சை. பீர்முகம்மது தொகுத்த 'வேரும் வாழ்வும்' போன்ற தொகுப்புகளில் அவை பாதுகாக்கப்பட்டுள்ளன. நாம் படிக்காமல் விட்டால் அவை அலமாரியில் இருந்தும் இல்லாதவையே.

ஆகவே நம் முன்னோர் வழியையே நாமும் பின்பற்றலாம். வாரத்திற்கு ஒரு கதை போதும். ஞாயிற்றுக்கிழமை பசியாறியபின் ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம். துணி மடித்துக்கொண்டே கேட்கலாம். பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒரு கதை முடிந்துவிடும். பிள்ளைகள் படித்தால் அவர்கள் தமிழும் தெளியும். முடிந்ததும் புத்தகத்தை உடனே மூடி வைத்துவிடாதீர்கள். "இப்படித்தான் அன்றைக்கு நம் தோட்டத்திலும்..." என்று பாட்டி ஏதாவது தொடங்குவார். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1950-இல் கதை வகுப்பில் சேர்ந்தவர்களும் அவ்வாறு தாம் கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் தொடங்கினார்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். வாரத்திற்குக் கால் மணி நேரம். ஓராண்டில் ஐம்பது கதைகள். அந்த ஐம்பதில் நாலைந்தாவது நம் குடும்பத்தின் கதையாக இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமையே முதல் கதையைத் தொடங்குவோம்.