கழிவில் எழுந்த சிற்பங்கள்

சிற்பமென்றவுடன் கருங்கல்லும் வெண்கலமும், அரசர் மானியமும் கோயிற் பிராகாரமுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. உடைந்த வளையலும் ஓட்டைப் பீங்கானும் சிற்பமாகுமோ என்று கேட்டால் நகைப்பார்கள். ஆயினும் அங்ஙனம் ஆக்கிக் காட்டிய ஒருவரின் வரலாறு உண்டு. அவர் பரம்பரைச் சிற்பியல்லர்; நம் தோட்டத்துக் கிராணிகளைப் போலச் சிறு சம்பளத்தில் காலந்தள்ளிய ஒரு சாலை மேற்பார்வையாளர்.

நேக் சந்து என்பது அவர் பெயர். இன்று பாகிஸ்தானத்தில் அடங்கிய ஒரு சிற்றூரில் 1924இல் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரையும் வீட்டையும் இழந்து இந்தியா வந்து சேர்ந்தார். லெ கொர்புசியே வகுத்த திட்டப்படி சண்டிகர் நகரம் எழும்பிய காலத்தில் அங்கே பொதுப்பணித் துறையில் அமர்ந்தார். புதுநகருக்கு இடம் வேண்டி 20க்கும் மேற்பட்ட கிராமங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. வீடிழந்து வந்தவரின் கண்முன்னே பிறர் வீடுகள் இடிந்தன! அவ்விடிபாடுகளில் கிடந்த பானைச் சில்லுகளையும், பெண்டிர் கைவளைத் துண்டுகளையும், உடைந்த ஓடுகளையும் பொறுக்கி, மிதிவண்டியிற் சுமந்து, கட்டடம் எழுப்பத் தடையிருந்த ஒரு காட்டுப் பள்ளத்தில் சேர்த்தார். இது 1957 வாக்கில் தொடங்கியது.

அவர் கையாண்ட முறை எளியது. பழைய மிதிவண்டியின் சட்டம் விலங்கின் உடலாயிற்று, முட்கவை கால்களாயிற்று, இருக்கை தலையாயிற்று. அவ்வெலும்புக் கூட்டின்மேல் மணலுஞ் சிமிட்டியும் குழைத்துப் பூசி, ஈரம் உலருமுன் வளையலையும் பீங்கானையும் பதித்தார். ஆடவரும் பெண்டிரும் குரங்குகளும் பறவைகளும் அணியணியாக எழுந்தனர். இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி அவ்வெளிச்சத்திலே வேலை செய்தாராம். அந்த டயர்களில் நம் கெடா மரங்களின் பாலும் சிறிது கலந்திருந்ததோ, என்னவோ!

சர்க்கார் நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலையாதலின் சுமார் 18 ஆண்டுகள் மறைவாகவே நடந்தது. 1975 வாக்கில் உத்தியோகஸ்தர்கள் கண்டபோது 12 ஏக்கர் பரப்பில் சிற்பங்கள் நின்றன. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் பொதுமக்கள் நேக் சந்தின் பக்கம் நின்றனர். 1976இல் தோட்டம் யாவருக்கும் திறக்கப்பட்டது. அதுவரை ஒளித்துச் செய்த வேலைக்கே சம்பளமும் 50 தொழிலாளரும் கிடைத்தனர். 1984இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. அதன் பின்னும் தொல்லை ஓயவில்லை. 1990 வாக்கில் சாலைக்கென்று இடிக்கும் இயந்திரங்கள் வந்தபோது மக்கள் கைகோத்து மறித்துத் திருப்பியனுப்பினர். 2015இல் அவர் மறைந்தார். தோட்டம் நிலைத்து நிற்கின்றது.

நம் கடாரத்தில் நடந்ததென்ன? பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்துப் பகுதியிலிருந்த 11ஆம் எண் பழங்கோயிலின் எச்சம் இடிக்கப்பட்டது. இடித்த பின்னரே, 2013இன் இறுதியில், செய்தி நாட்டுக்குத் தெரிந்தது. கைகோக்க ஆளேது?

பிறரைச் சொல்வானேன்? ஒட்டுப்பாலைக்கூடச் சுரண்டிச் சாக்கிலிட்டு நிறுத்துக் கணக்கெழுதுபவர் நாம். நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் லயங்கள் இடிபட்ட நாளில் உடைந்த அம்மியும், விளிம்பு போன மங்குகளும், பால் வாளிகளும், குழந்தைகளின் சிலேட்டுத் துண்டுகளும் ஒரே லாரியில் ஏறின. பேரேட்டில் அவற்றுக்கு நேரே ‘கழிவு’ என்று எழுதியது நம் கை.