ஜினாலயப் பூக்களும் கடன் கணக்கும்

ஆதிபகவனாகிய விருஷபதேவர் தம் புதல்வியருள் பிராம்மிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது சமணப் புராண மரபு. ஆசாரிய ஜினசேனர் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணம் இதனை விரித்துரைக்கின்றது. அந்த ஜினசேனரைக் குருவாகப் போற்றியவன் இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கன். மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு அவன் ஆண்ட காலத்திலேயே எண்ணுக்கெனவும் ஒரு நூல் தோன்றியது. ஏறத்தாழ கி.பி. 850-இல் மகாவீராசாரியர் இயற்றிய 'கணித சார சங்கிரகம்' என்பதே அந்நூல்.

அதற்கு முன்னர்க் கணிதம் பெரும்பாலும் வானநூல்களின் ஓர் அதிகாரமாகவே பயிலப்பட்டது. மகாவீராசாரியரோ கணிதத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒன்பது அதிகாரங்களில் தம் நூலை அமைத்தார். வர்த்தமான மகாவீரரை வணங்கித் தொடங்கும் அவர், சமையல், மருத்துவம், இசை, கட்டடக்கலை முதலிய எல்லாவற்றுக்கும் கணிதம் வேண்டும் என்பதை முதற்கண் நிறுவுகின்றார். ஆகவே அவர் கணக்குகள் சந்தையிலும் வீட்டிலும் கோயிலிலும் பிறந்தவையாக உள்ளன.

பெருக்கலும் வகுத்தலும்

பெருக்கலுக்கு அவர் காட்டும் முதல் எடுத்துக்காட்டே வழிபாட்டிலிருந்து வருகின்றது. ஒரு ஜினாலயத்துக்கு எட்டுத் தாமரை வீதம் 144 ஜினாலயங்களுக்கு எத்தனை மலர் வேண்டும் என்பது வினா. விடை 1152. ஓர் ஆலயத்துக்கு 139 புஷ்பராகம் வீதம் 109 ஆலயங்களுக்கு எத்தனை மணிகள் என்பது மற்றொன்று. இதன் விடை 15151. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் மாறாத எண் இது. 152207-ஐ 73-ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். இத்தகைய விடைகளை அவர் கழுத்தணி என்றே குறிப்பிடுகின்றார். மாணவன் தன் விடை சரிதானா என்பதைத் தானே கண்டு மகிழ இவ்வமைப்பு உதவியது.

8192 தீனாரங்களை 64 பேருக்குப் பங்கிடுவது வகுத்தற் கணக்கு. இரண்டு எண்ணுக்கும் பொதுவான காரணிகளை முதலில் நீக்குக என்பது அவர் விதி. எட்டால் சுருக்கினால் 1024-ஐ 8-ஆல் வகுப்பதாகிறது. ஒருவர் பங்கு 128.

பின்ன வகுத்தலுக்குரிய விதி, வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக என்பது. இன்றைய பள்ளிகளிலும் இதுவே கற்பிக்கப்படுகின்றது. அரைப் பலம் பெருங்காயம் முக்கால் பணம் எனில் ஒரு பலத்தின் விலை யாது? முக்காலை அரையால் வகுக்க ஒன்றரைப் பணம் வரும். வகுத்தால் எண் குறையும் என்று எண்ணியிருந்த பிள்ளை இங்கே வியப்படையும்.

தமிழகத்திலும் முந்திரி, காணி, மா, வீசம், அரைக்கால் எனக் கீழ்வாய் எண்கள் வழங்கின. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்தனர். 1957 ஏப்ரல் முதல் நாள், பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு காசு கொண்ட ரூபாயாக மாறிய பின்னர், தசமக் கணக்கே அன்றாட வழக்காயிற்று. முக்கால் 0.75 ஆயிற்று, அரை 0.5 ஆயிற்று. ஆயினும் 0.75-ஐ 0.5-ஆல் வகுத்தால் வருவது அதே 1.5 தான்.

ருணமும் தனமும்

குறை எண்ணை வடமொழிக் கணித நூலார் ருணம், அதாவது கடன், என்றனர்; மிகை எண்ணைத் தனம் என்றனர். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் வகுத்த விதிகளை மகாவீராசாரியரும் கூறுகின்றார்: ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம்; ருணத்தைத் தனத்தால் பெருக்கினால் ருணம்.

இதனை வீட்டுக் கணக்கால் விளக்கலாம். ஐந்து இடங்களில் இருநூறு ரூபாய் வீதம் கடன்பட்டவன் நிலை −1000. அவற்றுள் நான்கு கடன்கள் தள்ளப்பட்டால், நான்கு முறை −200 நீங்குகின்றது. அவன் நிலை 800 ரூபாய் உயர்கின்றது. கடனை நீக்குவதும் வரவே என்பதே 'குறையைக் குறையால் பெருக்கினால் மிகை' என்பதன் பொருள். ருண எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதையும் அவர் தெளிவாக உரைத்தார்.

அவர் நூலில் பிழையும் உண்டு. ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்று எழுதினார். சுழியத்தால் வகுத்தலுக்குப் பொருளில்லை என்பதே இன்றைய கணிதம். பெரியோர் நூலாயினும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இதுவும் சான்று.

சென்னையில் அச்சேறிய நூல்

சுவடிகளில் கிடந்த இந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ம. ரங்காசாரியர் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1912-இல் சென்னை அரசு அதனை வெளியிட்டது. அதன் பின்னரே உலகக் கணித வரலாற்றில் மகாவீராசாரியர் பெயர் நிலைபெற்றது. எனினும், மூலத்தில் முதல் பெருக்கற் கணக்கே ஜினாலயத்துக்குரியது என்பதைப் பல சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் அறியாமலே வாய்பாடு பயில்கின்றனர்.

சிராவகர்க்குரிய விரதங்களுள் பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்வதும் ஒன்று. நிலம் எவ்வளவு, நெல் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அறியாதவன் எந்த எல்லையை வகுப்பான்? பங்கு பிரிக்கையில் ஒருவர்க்கும் குறையாமல் வகுக்கவும், பட்ட கடனை மறையாமல் எழுதவும் எண்ணறிவு வேண்டும். சுந்தரிக்கு ஆதிபகவன் அருளிய கல்வி, கணக்கை மட்டுமன்றி ஒழுக்கத்தையும் காப்பது.